‘உங்கள் பகுதியில் கிடைக்காது’ என்று ஓடிடி மறுத்தால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

ஒரு படத்தை ஓடிடி தர மறுத்தால், மறுப்பது பெரும்பாலும் நான்கில் ஏதோ ஒன்றுதான்: படத்தின் உரிமை ஒப்பந்தம், உங்கள் கணக்கில் பதிவாகியுள்ள நாடு, இணைப்பின் ஐபி முகவரி (இணையத்தில் உங்கள் இணைப்பை அடையாளம் காட்டும் எண்), போன் அல்லது டிவியின் ஆப் ஸ்டோர். எது என்று தெரியாமல் ஆப்பை அழித்து மறுபடி போடுவதும் அதன் தற்காலிகச் சேமிப்பான கேஷைத் துடைப்பதும் வீண் வேலை. இந்த நான்கும் அதனால் மாறப்போவதில்லை.

முதலில் ஒரு சோதனை. எந்தக் கருவியில் படம் வரவில்லையோ அதே கருவியில், அதே வைஃபையில், பிரவுசரைத் திறந்து ஃபாஸ்ட்.காம் போங்கள். அது நெட்ஃபிளிக்ஸ் நடத்தும் வேகச் சோதனைத் தளம். வேகம் வந்தபின் கூடுதல் விவரத்துக்கான பொத்தானைத் தட்டினால் உங்கள் ஐபி முகவரியும், அது எந்த ஊர், எந்த நாடு என்று கணிக்கப்பட்டிருக்கிறது என்பதும் தெரியும். ஊர் பெயர் தப்பாக இருந்தால் கவலை வேண்டாம்; மதுரையில் இருப்பவருக்குச் சென்னை என்று காட்டுவது சாதாரணம். நாடு தப்பாக இருந்தால்தான் பிரச்சினை. நாடு சரியாக இருந்தால் கோளாறு இணைப்பில் இல்லை என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம்.

அறிகுறி: தேடினால் படமே வரவில்லை, பிழைச் செய்தியும் இல்லை

இது பெரும்பாலும் பிழையே அல்ல. அந்தத் தளத்துக்கு அந்த நாட்டில் அந்தப் படத்தின் உரிமை இல்லை, அவ்வளவுதான்.

தமிழ் சினிமாவுக்கு இது புதிதும் அல்ல. சென்னை சிட்டி, என்.எஸ்.சி. (வட ஆற்காடு, தென் ஆற்காடு, செங்கல்பட்டு), கோவை, எம்.ஆர். (மதுரை, ராமநாதபுரம்), டி.டி. (திருச்சி, தஞ்சாவூர்), டி.கே. (திருநெல்வேலி, கன்னியாகுமரி), சேலம் என்று தமிழ்நாட்டையே ஏரியா ஏரியாவாகப் பிரித்து விற்றுப் பழகிய வியாபாரம் இது. வெளிநாட்டு உரிமை எஃப்.எம்.எஸ். என்று தனியாகப் போகும், சாட்டிலைட் உரிமை ஒருவருக்கு, ஆடியோ இன்னொருவருக்கு. டிஜிட்டல் உரிமையும் இதே பாதையில்தான் போகிறது. நெட்ஃபிளிக்ஸ், பிரைம் போன்ற பெரிய தளங்கள் புதுப்படத்தை உலகம் முழுக்கச் சேர்த்து வாங்குவது உண்டு. நடுத்தர, சிறிய பட்ஜெட் படங்களில் இந்திய உரிமை ஆஹா தமிழ் போன்ற ஒரு தளத்துக்கும், ‘இந்தியா நீங்கலாக’ உரிமை சிம்ப்ளி சவுத் அல்லது டென்ட்கொட்டாவுக்கும் போவது வழக்கம். அதனால் சென்னையில் இருக்கும் தம்பி பார்த்த படம் டொராண்டோவில் இருக்கும் அக்காவுக்கு அதே ஆப்பில் வராது. அக்கா வேறு தளத்தில் தேட வேண்டும்.

மொழி வாரியாகவும் உரிமை பிரியும். ‘ஆர்.ஆர்.ஆர்.’ படம் 2022 மே 20 அன்று ஒரே நாளில் இரண்டு இடத்தில் வந்தது: இந்திப் பதிப்பு நெட்ஃபிளிக்ஸில், தெலுங்கு, தமிழ், கன்னடம், மலையாளம் ஜீ5இல். அன்று நெட்ஃபிளிக்ஸில் தமிழ் ஆடியோவைத் தேடியவர்களுக்கு எந்த அமைப்பை மாற்றியும் பயன் இருந்திருக்காது.

இந்த அறிகுறிக்குச் செய்ய வேண்டியது:

1. எந்தப் படம் எந்த ஓடிடியில் இருக்கிறது என்று காட்டும் ஜஸ்ட்வாட்ச் தளத்தில் நாட்டை உங்கள் நாடாக மாற்றிவிட்டுப் படத்தைத் தேடுங்கள். நாட்டை மாற்றாமல் தேடினால் வேறு நாட்டின் பதில் வரும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்.

2. அதில் கிடைக்காவிட்டால் சிம்ப்ளி சவுத், டென்ட்கொட்டா, சன் நெக்ஸ்ட் ஆகியவற்றின் சொந்தத் தேடலில் ஒருமுறை பாருங்கள்.

3. ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று விதமாகத் தேடுங்கள். ‘ழ’ வரும் பெயர் என்றால் கட்டாயம் இதைச் செய்ய வேண்டும்.

4. பழைய படம் என்றால் யூடியூபில், பாடல் நிறுவனங்களும் படத் தயாரிப்பு நிறுவனங்களும் நடத்தும் அதிகாரபூர்வ சேனல்களைப் பாருங்கள். அங்கும் ‘பதிவேற்றியவர் உங்கள் நாட்டில் இதை வழங்கவில்லை’ என்று வந்தால், அந்தச் சேனலே நாடு வாரியாகப் பூட்டி வைத்திருக்கிறது என்று பொருள்.

பழைய படங்கள் எங்குமே கிடைக்காமல் போவதற்குத் தனிக் காரணம் ஒன்று உண்டு. இணையம் வருவதற்கு முன் எழுதிய ஒப்பந்தங்களில் நெகட்டிவ் உரிமை, வீடியோ கேசட் உரிமை, தொலைக்காட்சி உரிமை எல்லாம் இருக்கும்; ஸ்ட்ரீமிங் இருக்காது. அது யாருக்குச் சேரும் என்று தெளிவாகாதவரை எந்தத் தளமும் காசு போடாது.

ஒரே ஊரில், ஒரே தளத்தில், பக்கத்து வீட்டுக்காரருக்கு வரும் படம் உங்களுக்கு வராவிட்டால் அது உரிமைப் பிரச்சினை இல்லை. நீங்கள் இருப்பது குழந்தைகள் புரொஃபைலா, வயது வரம்பு குறைத்து வைத்திருக்கிறதா, விளம்பரத்துடன் வரும் மலிவான திட்டமா என்று பாருங்கள். விளம்பரத் திட்டம் உள்ள நாடுகளில் சில படங்களுக்கு அந்தத் திட்டத்துக்கான உரிமை மட்டும் கிடைக்காமல் இருக்கும். அவற்றில் பூட்டுச் சின்னம் தெரியும்.

அறிகுறி: படம் தெரிகிறது, பிளே கொடுத்தால் விபிஎன், பிராக்ஸி என்று திட்டுகிறது

நெட்ஃபிளிக்ஸில் எம்7111-5059 என்ற எண் வந்தால் பொருள் ஒன்றுதான்: நீங்கள் விபிஎன் அல்லது பிராக்ஸி (இணைப்பை வேறொரு சர்வர் வழியாகத் திருப்பி, உங்கள் ஐபியை மறைக்கும் சேவைகள்) வழியாக வருவதாக அது நினைக்கிறது. பிரைம் வீடியோ இதையே எண் இல்லாமல் வாக்கியமாகச் சொல்லும். எம்7111-1331 வேறு கதை. பழைய புக்மார்க் வழியாகப் போனால், பிரவுசர் எக்ஸ்டென்ஷன் குறுக்கிட்டால், அல்லது அந்தப் படம் உங்கள் நாட்டில் இல்லாவிட்டால் வரும். முகப்புப் பக்கத்திலிருந்து தேடித் திறந்து பாருங்கள். பாதி நேரம் அதிலேயே தீரும்.

விபிஎன்னைத் தெரிந்தே போட்டவர்களுக்கு: நெட்ஃபிளிக்ஸ் இதைத் தடுக்கத் தொடங்கியது 2016இல். விபிஎன் சர்வர்கள் இருக்கும் தரவு மையங்களின் ஐபி முகவரிப் பட்டியல் அவர்களிடம் இருக்கிறது, தினமும் வளர்கிறது. இன்று ஓடும் சர்வர் அடுத்த வாரம் ஓடாது, அதைத் துரத்துவதற்குத் தனியாக இன்னொரு சந்தா கட்ட வேண்டும், தளத்தின் விதிமுறைக்கும் அது எதிர். எங்கள் கணக்கில் இது லாபமில்லாத வேலை. அந்தக் காசுக்கு உரிமை வைத்திருக்கும் தளத்துக்கே ஒரு மாதச் சந்தா கட்டிவிடலாம்.

பிழையே வராமல், படப் பட்டியல் மட்டும் திடீரென்று இளைத்துப்போனதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். விளம்பரமில்லாத திட்டத்தில் விபிஎன் வழியாக வந்தால், உலகம் முழுக்க உரிமை உள்ள படங்களை மட்டும் நெட்ஃபிளிக்ஸ் காட்டும். அதனால் அவர்களுடைய சொந்தத் தொடர்கள் எல்லாம் இருக்கும், தமிழ்ப் படங்கள் பாதி காணாமல் போயிருக்கும். நேரலை நிகழ்ச்சிகளும் வராது.

விபிஎன் போடவே இல்லை, இருந்தாலும் திட்டுகிறது என்றால் கீழே உள்ள வரிசையில் பாருங்கள். எளிதானது முதலில்.

ஆண்டிவைரஸ் மென்பொருள்களில் ‘பாதுகாப்பான இணைப்பு’ என்ற பெயரில் விபிஎன் ஒளிந்திருக்கும், அணையுங்கள். ஓபெரா பிரவுசரில் விபிஎன் உள்ளேயே இருக்கிறது. போனில் 1.1.1.1 வார்ப் ஆப் வேகத்துக்காகப் போட்டு மறந்திருப்பீர்கள்; அதுவும் சில தளங்களின் கண்ணுக்கு விபிஎன்தான். அலுவலக லேப்டாப் என்றால் நிறுவனத்தின் விபிஎன் தானாக இயங்கிக்கொண்டிருக்கும், அதை நீங்கள் அணைக்கவும் முடியாது. சொந்தக் கருவிக்கு மாறுங்கள்.

அடுத்து ரவுட்டர். டிவியில் வரவில்லை, அதே டிவியைப் போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்தால் வருகிறது என்றால் குற்றவாளி ரவுட்டர் அல்லது பிராட்பேண்ட் இணைப்பு. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் விபிஎன் கிளையன்ட் ஓடுகிறதா, டிஎன்எஸ் (தளத்தின் பெயரை ஐபி எண்ணாக மாற்றித் தரும் சேவை) முகவரியாக, நாட்டை மாற்றிக் காட்டும் ஏதாவது ‘ஸ்மார்ட் டிஎன்எஸ்’ சேவை போட்டிருக்கிறதா என்று பார்த்து, டிஎன்எஸ்ஸைத் தானியங்கிக்கு மாற்றி, ரவுட்டரை அணைத்துப் போடுங்கள். வீட்டுக்கு முன்பு குடியிருந்தவர் விட்டுப்போன ரவுட்டர் என்றால் ஃபேக்டரி ரீசெட்டே நல்லது.

இதுவும் இல்லை என்றால் ஐபிவி6. இது ஐபி முகவரியின் புது வகை, பழையது ஐபிவி4. நீங்கள் மறந்துபோன விபிஎன் எங்காவது ஓடிக்கொண்டிருக்கலாம்; பல விபிஎன்கள் ஐபிவி4 போக்குவரத்தை மட்டும் சுமக்கும். ஐபிவி6 நேராக வெளியே போய்விடும். தளத்துக்கு இரண்டு நாடுகளிலிருந்து ஒரே ஆள் வருவது போலத் தெரியும். இதன் மறுபக்கமும் உண்டு: ஹரிக்கேன் எலக்ட்ரிக் போன்ற ஐபிவி6 டன்னல் சேவைகளை (ஐபிவி6 இல்லாத இணைப்புக்கு வேறு சர்வர் வழியாக அதைத் தருபவை) நெட்ஃபிளிக்ஸ் 2016 முதலே பிராக்ஸியாக நடத்துகிறது. ரவுட்டரில் ஐபிவி6ஐத் தற்காலிகமாக அணைத்துப் பாருங்கள். சரியானால் காரணம் அதுதான். டன்னலை எடுத்துவிட்டு இணைய நிறுவனம் தரும் ஐபிவி6ஐ மட்டும் திரும்பப் போடுங்கள்.

கடைசி வாய்ப்பு, நீங்கள் எதுவுமே செய்யாமல் மாட்டிக்கொள்வது. ஐபி முகவரிகள் கைமாறும் சரக்கு. உங்கள் பிராட்பேண்ட் நிறுவனம் வேறு நாட்டு நிறுவனத்திடமிருந்து ஒரு முகவரித் தொகுதியை வாங்கியிருந்தால், இருப்பிடத் தரவுத்தளங்களில் பழைய நாடே பதிவாகியிருக்கும். ஃபாஸ்ட்.காமில் நாடு தப்பாகத் தெரிவது இதற்கான அடையாளம். ரவுட்டரைப் பத்து நிமிடம் அணைத்துப் போட்டால் சில நேரம் வேறு முகவரி கிடைக்கும். கிடைக்காவிட்டால் பிராட்பேண்ட் நிறுவனத்திடம் ‘இந்த ஐபியின் ஜியோலொகேஷன் தவறாக இருக்கிறது, திருத்துங்கள்’ என்று ஐபி எண்ணோடு எழுதுங்கள். மேக்ஸ்மைண்ட் போன்ற தரவுத்தளங்களில் திருத்தம் கோரும் படிவம் இருக்கிறது, அதை நீங்களே நிரப்பலாம். ஓடிடியின் வாடிக்கையாளர் சேவையால் இதில் அதிகம் செய்ய முடியாது.

அறிகுறி: ஒரே போன், வைஃபையில் ஒரு பட்டியல், டேட்டாவில் வேறு பட்டியல்

வெளிநாடு போனவர்கள் குழம்பும் இடம் இது. பழுது எதுவும் இல்லை.

இந்திய சிம்மை சிங்கப்பூரில் ரோமிங்கில் போட்டால், டேட்டா பெரும்பாலும் இந்தியாவில் உள்ள உங்கள் நிறுவனத்தின் சர்வர் வரை போய் அங்கிருந்துதான் இணையத்தில் இறங்கும். அதனால் ஓடிடிக்கு நீங்கள் இந்தியாவில் இருப்பதாகவே தெரியும். ஹோட்டல் வைஃபைக்கு மாறிய நொடி சிங்கப்பூர் ஐபி. டாக்சியில் பாதி பார்த்த படம் ஹோட்டல் அறைக்குத் திரும்பினால் வரவில்லை என்பதன் காரணம் இதுதான்.

பயண இ-சிம்கள் இன்னும் வேடிக்கை. நீங்கள் இருப்பது துபாய், இ-சிம் வாங்கியது இந்தியாவில், ஐபி காட்டுவது ஹாங்காங்காகவோ நெதர்லாந்தாகவோ இருக்கும். விற்கும் நிறுவனம் எந்த நாட்டு நெட்வொர்க் வழியாக டேட்டாவை விடுகிறதோ அந்த நாடு. படம் பார்ப்பது முக்கியம் என்றால் உள்ளூர் சிம் வாங்குங்கள். ரோமிங் டேட்டாவில் முழுப் படம் பார்ப்பதற்கு முன் பேக்கின் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். உயர் தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு 3 ஜிபி வரை போகும்.

அறிகுறி: ஊரில் டவுன்லோடு செய்தது வெளிநாட்டில் ஓடவில்லை

டவுன்லோடு என்பது உங்கள் போனில் இருக்கும் பூட்டிய கோப்பு. சாவியை அவ்வப்போது தளத்திடம் கேட்க வேண்டும். புது நாட்டில் இறங்கி வைஃபையில் இணைந்ததும் ஆப் சாவியைப் புதுப்பிக்கப் போகும். அந்த நாட்டில் அந்தப் படத்துக்கு உரிமை இல்லையென்றால் சாவி கிடைக்காது.

விமானத்தில் ஏறுமுன் டவுன்லோடுகளை ஒருமுறை திறந்து ஓடுகிறதா என்று பாருங்கள், ஆனால் முழுதாக ஓட்டிவிடாதீர்கள். நெட்ஃபிளிக்ஸில் சில படங்கள் பிளே கொடுத்த 48 மணி நேரத்தில் காலாவதியாகும். டிஸ்னி பிளஸ்ஸில் 30 நாளுக்கு ஒருமுறையாவது இணையத்தில் இணைய வேண்டும். பிரைமில் வாடகைக்கு எடுத்த படத்துக்குத் தொடங்க 30 நாள், தொடங்கியபின் பொதுவாக 48 மணி நேரம். வாடகைப் படங்கள் பொதுவாக எடுத்த நாட்டுக்கு வெளியே ஓடாது என்பதால் பயணத்துக்கு வாடகைப் படத்தை நம்பாதீர்கள்.

நாட்டோடு தொடர்பே இல்லாத ஒரு காரணமும் இங்கே கலந்துவிடும்: போனின் கடிகாரம். நேர மண்டலத்தைக் கையால் மாற்றி, தேதியும் பிசகியிருந்தால் சாவி காலாவதியானதாகக் கணக்காகும். தேதி, நேரம் இரண்டையும் தானியங்கிக்கு மாற்றிவிட்டு மறுபடி திறந்து பாருங்கள்.

அறிகுறி: ஆப்பே ஸ்டோரில் இல்லை

இது படத்தின் பிரச்சினை அல்ல, கணக்கின் நாடு.

ஆண்ட்ராய்டில் பிளே ஸ்டோரைத் திறந்து, மேலே உள்ள உங்கள் புரொஃபைல் படத்தைத் தட்டி, அமைப்புகள், பொது, கணக்கு மற்றும் சாதன விருப்பங்கள் என்று போனால் நாடும் சுயவிவரங்களும் என்ற பகுதி இருக்கும். புது நாட்டில் நேரில் இருந்தால்தான் மாற்றும் வாய்ப்பே தெரியும். அந்த நாட்டின் கார்டு அல்லது வேறு கட்டண முறை வேண்டும். மாற்றிய பின் 48 மணி நேரம் வரை ஆகலாம். ஒருமுறை மாற்றினால் ஓராண்டுக்கு மறுபடி மாற்ற முடியாது, பழைய நாட்டின் பிளே பேலன்ஸும் புது நாட்டில் செலவாகாது. இரண்டு வாரப் பயணத்துக்காக இதைச் செய்யாதீர்கள்.

ஐபோனில் நாட்டை மாற்ற முதலில் கணக்கில் இருக்கும் பேலன்ஸைச் செலவழிக்க வேண்டும், ஓடும் சந்தாக்களை நிறுத்தி அவை முடியும்வரை காத்திருக்க வேண்டும். அந்தத் தொல்லை வேண்டாதவர்களுக்கு எளிய வழி: ஐகிளவுடுக்குப் பழைய கணக்கையே வைத்துக்கொண்டு, ‘மீடியா, பர்ச்சேஸ்’ பகுதியில் மட்டும் புது நாட்டில் தொடங்கிய இன்னொரு ஆப்பிள் கணக்கில் நுழையலாம். நாடு திரும்பி இந்தியக் கணக்குக்கு மாறுபவர்கள் கார்டு ஏற்கப்படவில்லை என்று குழம்ப வேண்டாம். அங்கே யுபிஐ, நெட் பேங்கிங் கொடுத்தால் போதும்.

டிவி. துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ கொண்டுவந்த சாம்சங் டிவியில் ஜியோஹாட்ஸ்டார் இல்லையென்றால், டிவி இன்னும் அந்த நாட்டில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறது. அமைப்புகளில் சாதனப் பராமரிப்பு, சுய பரிசோதனை என்று போய் ஸ்மார்ட் ஹப் ரீசெட் கொடுங்கள். ‘பின்’ (PIN) எண் கேட்கும், நீங்கள் மாற்றியிருக்காவிட்டால் 0000. எல்லா ஆப்களின் லாகினும் போய்விடும், கடவுச்சொற்களை முன்கூட்டியே எடுத்து வையுங்கள். மறுபடி அமைக்கும்போது விதிமுறைப் பக்கத்தில் நாட்டைத் தேர்ந்தெடுங்கள். எல்ஜியில் பொது அமைப்புகளுக்குள் இருப்பிடம் என்ற பகுதியில் எல்ஜி சேவை நாடு இருக்கும்; தானியங்கியை எடுத்துவிட்டு மாற்றினால் டிவி ஒருமுறை மறுதொடக்கம் ஆகும். ஃபயர் ஸ்டிக்கில் ஸ்டிக்கை நோண்டிப் பயனில்லை. அமேசான் கணக்கில் ‘கன்டென்ட், டிவைஸ்’ நிர்வாகப் பக்கத்தின் விருப்பங்களில் நாட்டை மாற்ற வேண்டும்.

அறிகுறி: படம் இருக்கிறது, தமிழ் ஆடியோ இல்லை

நெட்ஃபிளிக்ஸ் பொதுவாக உங்கள் இடத்துக்கும் புரொஃபைல் மொழிக்கும் பொருத்தமான ஐந்து முதல் ஏழு மொழிகளை மட்டும் காட்டும். ஜெர்மனியில் இருந்து பார்த்தால் தமிழ் அந்த ஏழில் விழாமல் போகலாம். பிரவுசரில் புரொஃபைல் அமைப்பில் மொழியைத் தமிழாக்கிவிட்டு, ஆப்பில் வெளியேறி மறுபடி நுழைந்து பாருங்கள். டிவி ஆப்பில் 2025 ஏப்ரலிலிருந்து முழு மொழிப் பட்டியலும் கிடைக்கிறது, எனவே போனில் இல்லையென்றால் டிவியில் ஒருமுறை பாருங்கள். பிரைமில் கதை வேறு: தமிழ்ப் பதிப்பும் தெலுங்குப் பதிப்பும் பல படங்களுக்குத் தனித்தனிப் பதிவுகளாகவே இருக்கும். படத்தின் பெயரோடு ‘தமிழ்’ என்று சேர்த்துத் தேடுங்கள்.

அறிகுறி: நேற்று இருந்தது, இன்று இல்லை

ஒப்பந்தக் காலம் முடிந்துவிட்டது. நெட்ஃபிளிக்ஸில் ஒரு மாதத்துக்குள் போகப்போகும் படத்தின் விவரப் பக்கத்தில் கடைசித் தேதி போட்டிருக்கும். டவுன்லோடு செய்து வைத்திருந்தாலும் அதோடு போய்விடும்.

அறிகுறி: ஊரில் கட்டிய சந்தா வெளிநாட்டில் ஓடவில்லை

தளத்தைப் பொறுத்தது. நெட்ஃபிளிக்ஸில் அதே கணக்கு ஓடும், பட்டியல் மட்டும் அந்த நாட்டுக்கு மாறும். சீனா, ரஷ்யா, சிரியா, வட கொரியாவில் சேவையே இல்லை. பிரைமில் உங்கள் நாட்டுப் பட்டியலின் ஒரு பகுதி, பயணத்தில் பார்க்கக்கூடியது என்று தனியாகக் காட்டப்படும். ஜியோஹாட்ஸ்டாரின் இந்தியச் சந்தா இந்தியாவுக்கு மட்டுமே. ரீசார்ஜோடு இலவசமாக வரும் ஓடிடிகளையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். கிரிக்கெட் நேரலை எல்லாவற்றையும்விடக் கறார்: ஐபிஎல் உரிமையை நாடு நாடாக விற்கிறார்கள், தொடருக்குத் தொடர் ஆளும் மாறும். அமெரிக்காவில் வில்லோ, பிரிட்டனில் ஸ்கை என்று அந்தந்த நாட்டுத் தளத்தைத் தேடுவதுதான் வழி.

ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கும் தமிழர்களுக்கு ஒரு சட்டப் பாதுகாப்பு உண்டு. 2018 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, பிரான்சில் குடியிருந்து அங்கே கட்டணச் சந்தா வைத்திருப்பவர் ஜெர்மனிக்குத் தற்காலிகமாகப் போனால், பிரெஞ்சுப் பட்டியலே அவருக்குக் கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் கணக்கில் நாடும் கட்டண முகவரியும் பிரான்சாகவே இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தும் வராவிட்டால் தாராளமாகப் புகார் செய்யலாம். சுவிட்சர்லாந்து ஒன்றியத்தில் இல்லை, பிரிட்டன் 2021 தொடக்கத்தோடு இதிலிருந்து வெளியேறிவிட்டது. அங்கே இந்த விதி செல்லாது.

சேவை மையத்துக்கு எழுதும்போது

‘படம் வரவில்லை’ என்று மட்டும் எழுதினால் ஆப்பை அழித்துப் போடச் சொல்லித்தான் பதில் வரும். முதல் கடிதத்திலேயே இவற்றைக் கொடுங்கள்: படத்தின் பெயர், மொழி, பிழை எண் அல்லது செய்தியின் ஸ்கிரீன்ஷாட், கருவியின் மாடல், ஆப் பதிப்பு, கணக்கின் நாடு, நீங்கள் இப்போது இருக்கும் நாடு, ஃபாஸ்ட்.காம் காட்டும் ஐபியும் நாடும், ஹாட்ஸ்பாட்டில் மாற்றிப் பார்த்தபோது என்ன நடந்தது என்பது. கேள்வியையும் நேராகக் கேளுங்கள்: ‘இந்தப் படம் இந்த நாட்டில் உங்கள் பட்டியலில் இருக்கிறதா, இல்லையா?’ இல்லை என்று பதில் வந்தால் வேறு தளம் பாருங்கள். இருக்கிறது என்று வந்தால், மேலே உள்ள ஐபி விவரத்தைச் சுட்டி மேல்நிலைக்கு அனுப்பச் சொல்லுங்கள்.